ஏழு கிலோ

மாசிக் கடைசி என்று முதலில் எழுதினேன்,
பென்சிலால்.
யூஜின் தொலைபேசியில் சிரித்தான்:
"தண்ணி இன்னும் இடுப்புக்கு நிக்குது அக்கா,
றால் எல்லாம் சுண்டுவிரல்.
முழங்காலுக்கு வத்தட்டும்.
பிறகு நிலவில்லாத கிழமையாய்ப் பாருங்கோ."

சரி, பங்குனி அமாவாசை.
கெங்காதரனுக்குத் தகப்பன் இல்லை,
அன்றைக்கு மச்சம் தொடார்.
மறுநாள் சம்பளக் கணக்கு.
வைகாசிக்குத் தள்ளினால்
வற்றாப்பளையில் பாக்குத்தெண்டிவிடுவார்கள்,
எங்கள் கிளையில் பாதிப் பேரின் மச்சச் சட்டி கவிழ்ந்துவிடும்.
நந்திக்கடலில் றால் கொழுக்கிற நேரம் பார்த்துத்தான்
அதன் கரையிலிருந்து அம்மன் விரதம் சொல்கிறாள்.
உப்புத்தண்ணியில் விளக்கெரிப்பவளோடு
நான் என்ன வாதாட?

மே நடுப்பகுதியை நானாகவே வெட்டிவிட்டேன்.
காரணம் எழுதவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

மிஞ்சியது ஒரேயொரு சனிக்கிழமை.

பன்னிரண்டு பேர், ஆளுக்கு அரைக் கிலோ,
ஆறு.
அமலதாசை ஒரு ஆளாக எண்ணக்கூடாதென்று
இன்னொரு கிலோ.
தேங்காய் பத்து. முருங்கையிலை பரந்தனில் வாங்கலாம்.
புட்டுக்கு மா வறுத்துக் கொண்டுவருவது நிரோஜினி.
வானுக்கு டீசல், சாரதிக்குச் சாப்பாடு,
புதுக்குடியிருப்பில் ஒரு தேத்தண்ணி.
சட்டியும் அடுப்பும் யூஜின் வீட்டில்.
அவன் மனைவி ஸ்ரெல்லாவின் ஒரே நிபந்தனை,
கோது முழுக்க நாங்களே உரிக்கவேணும்.

பட்டியலைச் சுவரில் ஒட்டிய அன்று
இரண்டாம் கவுண்டர் சசிரூபி வந்து
தன் பெயருக்கு நேரே எழுதிவிட்டுப் போனாள்:
முட்டை.

வவுனியாவிலிருந்து புதிதாய் வந்த திலக்சன்
பகிடியாய்த்தான் கேட்டான்,
"என்ன அக்கா, றால் ஒத்துவராதோ?"
"நல்லாய்ச் சாப்பிடுவன்.
நாயாற்று றால், கொக்கிளாய் றால்,
எது தந்தாலும் சாப்பிடுவன்."
காசுக்கட்டு எண்ணும் இயந்திரம்
கடகடவென்று எண்ணி முடித்து நின்றது.
திலக்சன் அதற்குள் இன்னொரு கட்டை வைத்தான்.

அன்றிரவு முழுக்க நாயாற்றுக்குக் கணக்குப் போட்டேன்.
கூடுதல் தூரம், கூடுதல் டீசல்,
அங்கே யூஜின் மாதிரி ஆளில்லை, சட்டியில்லை.
காலையில் அவளே என் கொப்பியைப் பார்த்துவிட்டாள்.
"எனக்காக வானைத் திருப்பாதேங்கோ.
வரமாட்டன் எண்டு சொல்லேல்லையே."

போனோம்.
தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு,
பாட்டுப் போட்ட சாரதி
முள்ளிவாய்க்கால் வந்ததும் தானாகவே நிறுத்தினான்.
வட்டுவாகல் பாலத்தில் எதிரே ஒரு பஸ் வர
வான் நின்றது.
இரண்டு பக்கமும் தண்ணீர், மெத்தக் குறைவாய்,
ஒருவன் வலை வீசிக்கொண்டிருந்தான்.
அவள் சன்னல் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தாள்.
பார்த்தபடியே இருந்தாள்.

ஏழு கிலோவில் பாதியை உரித்தது அவள்தான்.
தலை கிள்ளி, முதுகு கீறி,
கறுப்பு நரம்பை ஒரே இழுப்பில்.
எங்கள் விரல்களில் இரத்தம், அவளுக்கு ஒன்றுமில்லை.
"எங்கை பழகினீங்கள்?" என்றாள் ஸ்ரெல்லா.
"இஞ்சைதான். இந்தக் கரையிலைதான்."
பிறகு கை கழுவப் போனாள்,
சவர்க்காரம் கேட்டு, திரும்பவும் கேட்டு.

ருசி. அதை நான் மறைக்கமாட்டேன்.
முருங்கையிலையோடு பிரட்டல், புட்டுக்கு மேலே குழம்பு,
அமலதாஸ் ஒரு கிலோவுக்கு நியாயம் செய்தான்.
நான் இரண்டாம்முறை போட்டுக்கொண்டேன்,
அவளுக்கு எதிரே இருந்துகொண்டே.
அவள் முட்டைப்பொரியலில் மிளகு காணாதென்று
ஸ்ரெல்லாவோடு சண்டை பிடித்தாள், சிரித்தாள்.

திங்கட்கிழமை கணக்கு முடித்தேன்.
ஆளுக்கு ஆயிரத்து அறுநூற்றி நாற்பது.
றாலைக் கழித்து அவளுக்கு எவ்வளவென்று
மூன்றுதரம் போட்டும் சரிவரவில்லை.
அவள் முழுக்காசும் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முட்டை இரண்டுக்கு யூஜின் காசு எடுக்கவில்லை.
அந்த நிரலில் என்ன எழுதுவதென்று
பென்சிலோடு இருக்கிறேன்.